ஆக்சிலேட்டர் சிக்கினால், பட்டன் குழப்பினால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாவி போட்டுத் திருகும் வண்டியிலிருந்து புஷ் பட்டன் வண்டிக்கு, மேனுவலிலிருந்து ஆட்டோமேட்டிக்குக்கு மாறிய சொந்தக்காரர்களும் நண்பர்களும் என்னிடம் கேட்டவை இவை. அவசரத்தில் இருப்பவர்கள் முதல் பதிலை மட்டும் படித்துவிட்டுப் போகலாம். மற்றதை வண்டி நிற்கும்போது படித்துக்கொள்ளுங்கள்.

ஓடும் வண்டியில் ஆக்சிலேட்டர் மேலே எழும்பவில்லை. முதலில் என்ன செய்வது?

பிரேக்கை முழு பலத்தோடு ஒரே மிதி. விட்டு விட்டு மிதிக்க வேண்டாம். மிதித்த காலை எடுக்காமலே கியர் லீவரை நியூட்ரலுக்குத் தள்ளுங்கள். மேனுவல் வண்டி என்றால் கிளட்சை மிதித்தாலே வேலை முடிந்தது. இன்ஜின் காது கிழிய அலறும். அலறட்டும். சக்கரத்துக்கும் அதற்கும் இப்போது தொடர்பு இல்லை. ஹசார்டு லைட்டைப் போட்டு ஓரங்கட்டி, வண்டி முழுதாக நின்ற பிறகு இன்ஜினை அணையுங்கள்.

நியூட்ரல் விழவே மாட்டேன் என்கிறது என்றால் மட்டும் ஓடும்போதே அணைக்க வேண்டும். அது எப்படி என்று கீழே தனியாகச் சொல்கிறேன்.

பெடலில் தரை மேட் (கால் விரிப்பு) மாட்டியிருந்தாலும், குனிந்து அதை இழுக்கப் போகாதீர்கள். கையை அங்கே விட்டால் கண்ணும் கூடவே போகும். 100 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர் ஓடுகிறது.

நியூட்ரலில் போட்டால் இன்ஜின் வெடித்துவிடாதா?

வெடிக்காது. இப்போதைய வண்டிகளில் சுழற்சி ஓர் அளவைத் தாண்டினால் கம்ப்யூட்டரே எரிபொருளை வெட்டி வெட்டி விடும். அதனால்தான் அந்தச் சத்தம் திக்கித் திக்கி வரும். அப்படியே இன்ஜின் பாழானாலும் பரவாயில்லை, ஷெட்டில் விட்டுக்கொள்ளலாம். இந்தச் சத்தத்துக்குப் பயந்து திரும்ப 'டி'யில் (முன்னே ஓட்டும் கியரில்) போடுவதுதான் ஆபத்து.

இன்ஜின் முழு வேகத்தில் இழுக்கும்போது பிரேக் அதை ஜெயிக்குமா?

பெரும்பாலும் ஜெயிக்கும். 'கார் அண்ட் டிரைவர்' என்ற அமெரிக்கப் பத்திரிகை 2009-இல் இதைச் சோதித்தது. 268 குதிரைத்திறன் கொண்ட டொயோட்டா கேம்ரியில், மணிக்கு 112 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்தி வைத்துக்கொண்டே பிரேக்கை மிதித்தார்கள். 58 மீட்டரில் நின்றது. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு மிதித்தபோது 53 மீட்டர். வித்தியாசம் ஒரு காரின் நீளம்தான்.

ஆனால் இது ஒரே மிதியில், ஆரம்பத்திலேயே, முழு பலத்தோடு மிதித்தால். வேகம் ஏற ஏறக் கதை மாறுகிறது. அதே சோதனையில் மணிக்கு 190 கிலோமீட்டருக்கு மேல் போய் மிதித்தபோது வேகம் நன்றாகக் குறைந்ததே தவிர, பிரேக் சூடேறிப்போய் வண்டி முழுதாக நிற்கவில்லை.

விட்டு விட்டு மிதிக்கக் கூடாது என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. நம் காலின் பலத்தைப் பெருக்கித் தருவது பிரேக் பூஸ்டர். பெட்ரோல் இன்ஜின் மூச்சிழுக்கும்போது உண்டாகும் வெற்றிடத்தில்தான் அது பெரும்பாலான வண்டிகளில் வேலை செய்கிறது. இன்ஜினுக்குள் காற்றை விடும் வால்வான த்ராட்டில் அகலத் திறந்து கிடந்தால் அந்த வெற்றிடம் உண்டாகாது. பூஸ்டரில் மிச்சம் இருப்பது ஒன்றிரண்டு மிதிக்குத்தான் வரும். வீட்டில் நிற்கும் வண்டியில், இன்ஜின் அணைந்திருக்கும்போது பிரேக்கை நாலைந்து தடவை மிதித்துப் பாருங்கள். முதல் மிதியில் மெத்தென்று இறங்கியது கடைசி மிதியில் கல் மாதிரி நிற்கும். ரோட்டில் அந்தக் கல்லைத்தான் மிதிக்க வேண்டியிருக்கும்.

டீசல் வண்டிகளில் வெற்றிடத்துக்குத் தனி பம்ப் இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு.

எல்லோரும் சொல்லும் அந்த லெக்சஸ் விபத்து என்ன?

2009 ஆகஸ்ட் 28. கலிபோர்னியாவில் சான் டியேகோ பக்கம் சான்டீ என்ற ஊர். லெக்சஸ் (டொயோட்டாவின் சொகுசுக் கார் பிராண்டு) இஎஸ் 350 ஒன்று மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, நெடுஞ்சாலை முடியும் இடத்தில் இன்னொரு காரில் மோதி, பள்ளத்தில் பாய்ந்து எரிந்தது. உள்ளே இருந்த நால்வரும் இறந்தார்கள். ஓட்டியவர் கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவல் அதிகாரி. அன்று பணியில் இல்லை. மனைவி, மகள், மைத்துனர் உடன் இருந்தார்கள். மைத்துனர் அவசர எண்ணுக்குப் பேசிக்கொண்டிருந்தார்: ஆக்சிலேட்டர் மாட்டிக்கொண்டது, பிரேக் பிடிக்கவில்லை என்று. அந்த அழைப்பு விபத்தோடு முடிகிறது.

வண்டி அவர்களுடையது அல்ல. தங்கள் காரைச் சர்வீஸுக்கு விட்டபோது விற்பனையகம் கொடுத்த இரவல் வண்டி. அதில் லெக்சஸின் வேறொரு மாடலுக்கான கனமான ரப்பர் மேட்டைப் போட்டிருந்தார்கள். அது முன்னே நகர்ந்து பெடலின் அடி விளிம்பைப் பிடித்துக்கொண்டது. சில நாட்களுக்கு முன் அதே வண்டியை இரவல் வாங்கிய இன்னொருவருக்கும் இதே கோளாறு வந்திருக்கிறது. அவர் பிரேக்கை அழுத்தி, ஓரங்கட்டி, நியூட்ரலில் போட்டுத் தப்பினார். வண்டியைத் திருப்பித் தந்தபோது மேட்டைப் பற்றிச் சொல்லவும் செய்தார். அந்தத் தகவல் வரவேற்பு மேசையைத் தாண்டவில்லை.

வேகமாக ஓட்டுவதையே தொழிலாகக் கொண்ட அந்தக் காவல் அதிகாரிக்கு ஏன் நிறுத்த முடியவில்லை என்பதை நான் பல தடவை யோசித்திருக்கிறேன். பிரேக்கை அவர் மிதித்தார். பிரேக் கட்டைகள் உருகி வழிந்த தடத்தை விசாரணையில் பார்த்திருக்கிறார்கள். மிச்சமிருந்த இரண்டு வழிகள் நியூட்ரலும் இன்ஜினை அணைப்பதும். அந்த வண்டியின் கியர் லீவர் நேர்க்கோட்டில் நகராது, வளைந்து வளைந்து போகும் வழி. பதற்றத்தில் நியூட்ரல் எளிதில் கைக்கு வராது. சாவித் துவாரம் கிடையாது, பட்டன். ஓடும்போது அந்தப் பட்டனை மூன்று நொடி அழுத்திப் பிடித்தால்தான் இன்ஜின் அணையும். இரவல் வண்டியில் இதை யார் சொல்லித் தந்திருப்பார்கள்?

ஓடும்போது பட்டனை அழுத்தினால் இன்ஜின் ஏன் அணைவதில்லை?

குழந்தை கை பட்டோ, பக்கத்தில் இருப்பவர் ஏசி பட்டன் என்று நினைத்தோ அழுத்திவிட்டால் நடு ரோட்டில் வண்டி அணைந்துவிடக் கூடாது என்பதற்காக. நியாயமான யோசனைதான். ஆனால் நிற்கும் வண்டியில் ஒரு தட்டு தட்டினால் அணையும் அதே பட்டன், ஓடும் வண்டியில் தட்டினால் சும்மா இருக்கும். பதறிய மனிதன் என்ன செய்வான்? லிப்ட் வராவிட்டால் பட்டனைக் குத்துவது போல இதையும் குத்துவான். நிதானமாக விரலை வைத்து "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ண மாட்டான்.

சான்டீ விபத்துக்குப் பிறகு இந்த விதியைத் தளர்த்தினார்கள். இப்போது டொயோட்டாவில் இரண்டு நொடி அழுத்திப் பிடித்தாலும் அணையும், மூன்று தடவை அடுத்தடுத்துத் தட்டினாலும் அணையும். ஹூண்டாய், கியா வண்டிகளிலும் ஏறக்குறைய இதே கணக்கு. பதறிக் குத்துபவனுக்கும் வேலை செய்கிற மாதிரி வைத்ததுதான் சரியான திருத்தம் என்பேன். உங்கள் வண்டியின் கணக்கு வேறாக இருக்கலாம். கையேட்டில் "அவசரத்தில் வண்டியை நிறுத்துதல்" என்ற பகுதியில் இருக்கும். பெரும்பாலும் கடைசிப் பக்கங்களில்.

ஓடும்போதே அணைத்துவிட்டால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளுமா?

பட்டன் வண்டியில் ஓடும்போது பூட்டாது. சாவி வண்டியில் ஒரே ஒரு படி பின்னால் திருப்புங்கள், சாவியை உருவாதீர்கள். உருவினால் பூட்டு விழும். இரண்டிலுமே பவர் ஸ்டியரிங் போய்விடும், கை இழுக்கக் கனக்கும். பிரேக்கும் ஒன்றிரண்டு மிதிக்கு மேல் உதவி தராது. நியூட்ரல் முதலில், அணைப்பது கடைசியில் என்று வரிசை வைத்திருப்பது இதனால்தான்.

டொயோட்டாவில் நடந்தது மேட்டா, கம்ப்யூட்டரா?

டொயோட்டா கார்கள் தானாகப் பாய்வதாகப் புகார்கள் குவிந்தபோது ஊரே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்ட கேள்வி. 2009 செப்டம்பரில் மேட் பிரச்சினைக்காக அமெரிக்காவில் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்தது. பெடலின் அடியைக் குட்டையாக்கினார்கள். 2010 ஜனவரியில் வேறொரு கோளாறு: பெடலின் உள் உராய்வு பாகம் தேய்ந்து, மிதி மெதுவாக எழும்பியது அல்லது பாதியில் நின்றது. அதற்கு 23 லட்சம் வண்டிகள். மருந்து, பெடலுக்குள் செருகும் ஒரு சின்ன எஃகுத் தகடு. அடுத்த மாதம் நிறுவனத் தலைவர் அகியோ டொயோடா அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார்.

கம்ப்யூட்டர் கோளாறா என்று பார்க்க நாசாவின் பொறியாளர்களையே கூப்பிட்டார்கள். 2011 பிப்ரவரியில் வந்த அறிக்கை, பெரிய அளவில் த்ராட்டிலைத் திறந்துவிடும் மின்னணுக் கோளாறு எதையும் காணவில்லை என்றது. அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2013-இல் ஓக்லஹோமாவில் நடந்த வழக்கில், 2005 கேம்ரியின் மென்பொருளை மாதக்கணக்கில் படித்த நிபுணர் ஒருவர் அதில் ஓட்டைகள் இருப்பதாகச் சாட்சி சொன்னார். நடுவர் குழு டொயோட்டாவுக்கு எதிராகத் தீர்ப்புக் கொடுத்தது. 2014 மார்ச்சில், கோளாறுகளைப் பற்றி வாடிக்கையாளர்களுக்குத் தவறான தகவல் தந்ததற்காக அந்த நிறுவனம் அமெரிக்க அரசுக்கு 120 கோடி டாலர் கட்டச் சம்மதித்தது.

மேட்டும் பெடலும் நிரூபணமானவை. மென்பொருள் விவகாரத்தில் ஆளாளுக்கு ஒரு நம்பிக்கை. ஓட்டுகிறவனுக்கு இதில் பெரிய வித்தியாசம் இல்லை, காரணம் எதுவானாலும் நியூட்ரல் அதே இடத்தில்தான் இருக்கிறது.

"பிரேக் மிதிக்க மிதிக்க வண்டி வேகமாகப் போகிறது" என்றால்?

அப்படித் தோன்றினால் கால் ஆக்சிலேட்டரில் இருக்கிறது. சங்கடமான பதில்தான், கேட்டவர்கள் பலர் கோபப்பட்டிருக்கிறார்கள். உடனே காலை முழுதாகத் தூக்கி, இடம் பார்த்து மறுபடி வையுங்கள்.

1986-இல் அமெரிக்காவில் ஆடி 5000 என்ற கார் தானாகப் பாய்வதாக சிபிஎஸ் தொலைக்காட்சி காட்டியது. பெடல் தானே கீழிறங்குவது போல ஒரு காட்சி. கியர்பெட்டியில் துளை போட்டு அழுத்தக் காற்றைச் செலுத்தித்தான் அதை வரவழைத்தார்கள் என்பது பிறகு தெரிந்தது. அதற்குள் ஆண்டுக்கு 74,000 வண்டிகள் வரை விற்ற ஆடி, 1991-இல் 12,000-க்கு வந்துவிட்டது. 1989-இல் அரசு விசாரணை முடிந்தபோது சொன்ன காரணம்: பெடல் மாற்றி மிதித்தது. ஆனால் அதே விசாரணை இன்னொன்றையும் சொன்னது. சில வண்டிகளில் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இன்ஜின் சுழலும் வேகம்) திடீரென்று கொஞ்சம் ஏறியது, ஓட்டியவர் திடுக்கிட்டார், திடுக்கிட்ட கால் தவறான இடத்தில் இறங்கியது. பிரேக்கை மிதிக்காமல் பார்க்கிங்கிலிருந்து கியர் நகராது என்று இப்போது எல்லா ஆட்டோமேட்டிக்கிலும் இருக்கிற பூட்டு பரவியது இந்தக் கலவரத்தில்தான்.

ஜப்பானில் இது முதியோர் பிரச்சினையாகவே பேசப்படுகிறது. 2019 ஏப்ரலில் டோக்கியோவின் இகெபுகுரோவில் 87 வயது முன்னாள் உயர் அதிகாரி ஒருவரின் கார் பாய்ந்து, சைக்கிளில் போன தாயும் மூன்று வயது மகளும் இறந்தார்கள். வண்டியில்தான் கோளாறு என்று அவர் வாதாடினார். வண்டியின் பதிவில் ஆக்சிலேட்டர் மிதித்த தடம் இருந்தது, பிரேக் தடம் இல்லை. ஐந்து ஆண்டு சிறை. பெடல் மாற்றி மிதித்தால் தடுக்கும் கருவியை 2028 செப்டம்பர் முதல் புதிய ஆட்டோமேட்டிக் கார்களில் ஜப்பான் கட்டாயமாக்குகிறது.

என் வண்டியில் பிரேக் ஓவர்ரைடு இருக்கிறது. கவலை இல்லைதானே?

இரண்டு பெடலும் ஒரே நேரத்தில் அழுந்தினால் பிரேக்கின் பேச்சைக் கேட்டு இன்ஜினை அடக்கும் ஏற்பாடு அது. நல்ல ஏற்பாடு. 2024 ஏப்ரலில் டெஸ்லா சைபர்டிரக்கில் ஆக்சிலேட்டர் பெடலின் மேல்தகடு கழன்று மேலே ஏறி, பெடலுக்கு மேலே உள்ள உட்புறப் பலகையில் செருகிக்கொண்டது. தகட்டைப் பொருத்தும்போது வழுக்க வேண்டும் என்று தொழிற்சாலையில் சோப்பு போட்டிருந்தார்களாம். 3,878 வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். அங்கேயும் பிரேக்கை மிதித்தால் மோட்டார் அடங்கும்படி இருந்தது. ஆனால் காலே தவறான பெடலில் இருந்தால் ஓவர்ரைடு என்ன செய்யும்? பிரேக்கை யாரும் மிதிக்கவே இல்லையே.

கியர் லீவரே குழப்புகிறது. எந்தக் கியரில் இருக்கிறது என்று தெரியவில்லை.

உங்கள் தப்பு இல்லை. பழைய லீவர் எங்கே நிற்கிறதோ அதுதான் கியர்; கை வைத்தாலே தெரியும். புது மின்னணு லீவர்கள் சிலவற்றைத் தள்ளிவிட்டால் திரும்ப நடுவுக்கே வந்துவிடுகின்றன. பியட் கிரைஸ்லர் நிறுவனம் இப்படி ஒரு லீவரால் 2016 ஏப்ரலில் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. பார்க்கிங்கில் போட்டதாக நினைத்து இறங்கினார்கள், வண்டி உருண்டது. இரண்டு மாதம் கழித்து அதே லீவர் கொண்ட ஜீப் தன் வீட்டு வாசலில் உருண்டு நசுக்கி, ஆன்டன் யெல்சின் என்ற 27 வயது நடிகர் இறந்தார்.

டொயோட்டா பிரியஸில் 'பி' என்று இரண்டு எழுத்து. ஒன்று பார்க்கிங், அது தனிப் பட்டன். இன்னொன்று லீவரில், மலை இறங்கும்போது இன்ஜின் பிரேக்குக்காக. ஆங்கிலத்தில் வேறு வேறு எழுத்துதான், தமிழில் சொல்லித் தரும்போது இரண்டும் 'பி'. சிலர் லீவரில் உள்ள 'பி'யைப் பின்னால் போக என்றே நினைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி லீவரில் நியூட்ரலுக்குத் தட்டினால் மட்டும் போதாது, அங்கே ஒரு கணம் பிடிக்க வேண்டும்.

பட்டன் வண்டியில் அணைக்காமலே இறங்கிவிட முடியுமா?

தாராளமாக. இன்ஜின் சத்தம் குறைந்த வண்டிகளில் அடிக்கடி நடக்கிறது. சாவி பையில் இருக்கிறது என்பதே "அணைத்துவிட்டேன்" என்ற நினைப்பைத் தரும். அமெரிக்காவில் வீட்டோடு ஒட்டிய கராஜில் இப்படி ஓடிக்கொண்டே கிடந்த கார்களின் புகையால் இருபத்தைந்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்ததாக 2018-இல் 'நியூயார்க் டைம்ஸ்' கணக்கெடுத்தது. மூடிய பார்க்கிங் இருக்கும் வீட்டுக்காரர்கள் மீட்டர் விளக்குகள் அணைந்ததைப் பார்த்துவிட்டே கதவைத் திறக்க வேண்டும்.

டச் ஸ்கிரீன்?

ஐரோப்பாவின் பாதுகாப்பு மதிப்பீட்டு அமைப்பான யூரோ என்கேப், இண்டிகேட்டர், ஹசார்டு, ஹார்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகிய ஐந்துக்கும் கையால் தொட்டறியும் பட்டனோ லீவரோ இல்லாவிட்டால் 2026 முதல் மதிப்பெண்ணைக் குறைக்கிறது. ஹசார்டு எங்கே என்று திரையில் தேட வேண்டிய வண்டியை நான் வாங்க மாட்டேன்.

டீசல் இன்ஜின் சாவியை எடுத்தும் அணையவில்லை என்கிறார்களே?

உண்மை. இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவின் சீல் போய் இன்ஜின் ஆயில் உள்ளே கசிந்தால், டீசல் இன்ஜின் அந்த ஆயிலையே எரித்து ஓடும். வெள்ளையும் நீலமுமாகப் புகை, ஏறிக்கொண்டே போகும் சத்தம். மேனுவல் என்றால் வண்டியை நிறுத்தி, கடைசி கியரில் போட்டு, பிரேக்கை இறுக்க மிதித்தபடி கிளட்சை விடுங்கள், திணறி அணைந்துவிடும். ஆட்டோமேட்டிக் என்றால் இறங்கித் தள்ளிப்போய் நில்லுங்கள். பானெட்டைத் திறக்காதீர்கள்.

மேட் சரியாக இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஒரு நாள் வாட்டர் வாஷ் முடிந்து வண்டியை எடுத்தேன். கம்பெனி மேட் ஈரமாக இருந்ததால் அதன் மேலேயே இன்னொரு தடித்த மேட்டை விரித்து, அதற்கும் மேலே கால்தடம் படாமல் இருக்க ஒரு காகிதத்தையும் போட்டிருந்தார்கள். மூன்று அடுக்கு. இன்ஜினை அணைத்து, கையாலேயே ஆக்சிலேட்டரை அடிவரை அழுத்திவிட்டு விட்டேன். முக்கால்வாசி எழும்பி, ஓரத்தில் உரசி, அப்படியே நின்றது. காகிதத்தை எடுத்து மேல் மேட்டை உருவியதும் 'டக்'கென்று மேலே வந்தது.

சோதனை அவ்வளவுதான். ஒரு மேட்டுக்கு மேல் வேண்டாம். தரையில் இருக்கும் கொக்கியில் மாட்டியிருக்க வேண்டும். கொக்கித் துளை இல்லாத மேட் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓட்டுநர் பக்கம் போடாதீர்கள். சீட்டுக்கு அடியில் தண்ணீர் பாட்டில், செருப்பு எதுவும் உருளக் கூடாது. பிரேக்கின் அடியில் பாட்டில் போனால் அது வேறு கதை, இதைவிட மோசம்.

இதையெல்லாம் பழகிப் பார்க்க வழி உண்டா?

உண்டு, நிற்கும் வண்டியில். என் மாமா முப்பது வருஷம் அம்பாசிடர் ஓட்டியவர். புது ஆட்டோமேட்டிக் வாங்கிய வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, "மாமா, ஆக்சிலேட்டர் மாட்டிக்கிச்சுன்னு வச்சுக்கோங்க, என்ன செய்வீங்க?" என்றேன். அவர் கை ஸ்டியரிங் பக்கம் போய், சாவி இருக்க வேண்டிய இடத்தில் காற்றைத் திருகியது. பிறகு அவரே சிரித்துவிட்டார். "இங்க ஒண்ணுமே இல்லியே மாப்ளே."

பிரேக்கை மிதித்தபடி 'டி'யில் போட்டு, பார்க்காமல் நியூட்ரலுக்குத் தள்ளுவது, பத்து தடவை. லீவரின் ஓரப் பட்டனை அழுத்தாமல் தள்ளினால் பல வண்டிகளில் நேராக நியூட்ரலில் நிற்கும், ரிவர்சுக்குப் போகாது. உங்களுடையது எப்படி என்று கைக்குத் தெரியட்டும். இன்ஜினை அணைக்கும் பட்டனை ஓடும் வண்டியில் சோதிக்க வேண்டாம், கணக்கை மட்டும் கையேட்டில் பார்த்துக்கொண்டால் போதும்.

சிக்கித் தப்பித்துவிட்டேன். யாரிடம் சொல்வது?

அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், இழுத்துப் போகச் சொல்லுங்கள். நிறுவனத்தின் இணையதளத்தில் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் ரீகால் இருக்கிறதா என்று தெரியும். குறைபாடுள்ள வண்டிகளைக் கட்டாயமாகத் திரும்ப அழைக்கும் விதி இந்தியாவில் 2021 ஏப்ரல் 1 முதல் இருக்கிறது, ஆகையால் புகாரை எழுத்தில் கொடுங்கள். மேசையில் வாய்ச்சொல்லாகச் சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். மேட்டைக் கோபத்தில் உருவி எறிவதற்கு முன், பெடலோடு சேர்த்து ஒரு போட்டோ எடுத்துவையுங்கள்.